இக்கரையும் அக்கரையும்



"இக்கரைக்கு அக்கரை பச்சை" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஜொகூரில் வாழும் நமக்கு இந்தப் பழமொழிக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. ஜொகூர் பாருவின் கடலோரத்தில் நின்றால் நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர்க் கட்டடங்கள் வரிசையாகத் தெரிகின்றன. இங்கே எத்தனையோ வீடுகளில் அப்பாவோ, அண்ணனோ, அக்காவோ விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து அக்கரைக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்புகிறார்கள்.

இவ்வளவு அருகில் இருந்தும், "அந்தப் பக்கத்து ஆளுங்க எப்படி?" என்று கேட்டால் நமக்கு வரும் பதிலைக் கவனித்திருக்கிறீர்களா? "சிங்கப்பூர்க்காரனுக்கு எப்பவும் அவசரம், காசுதான் கண்ணு, நம்மளக் கண்டா கொஞ்சம் இளப்பம்" என்போம். அவர்களைக் கேட்டால், "ஜேபியா? சாமான் மலிவு, சாப்பாடு ருசி. ஆனா பையைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும். அங்க எல்லாமே மெதுவாத்தான் நடக்கும்" என்பார்கள். ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், ஒருவரைப் பற்றி ஒருவர் இப்படிப் பேசிக்கொள்கிறோம். இந்தப் பேச்சு எப்போது தொடங்கியது? வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போமா?

பாலம் வந்த கதை

ஜொகூர் ரயில் பாதை 1909-ஆம் ஆண்டில் முடிந்தது. அப்போது நீரிணையைக் கடக்கப் படகுதான். மலாயாத் தோட்டங்களில் ரப்பர் உற்பத்தி பெருகப் பெருக, சரக்கு வண்டிகளைப் படகில் ஏற்றி இறக்கிச் சமாளிக்க முடியவில்லை. ஆகவே கல்லைக் கொட்டிக் கடலை அடைத்து ஒரு பாதை போடுவது என்று முடிவாயிற்று. புலாவ் உபின் தீவிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கருங்கல் வந்தது. 1923-ஆம் ஆண்டு செப்டம்பரில் சரக்கு ரயிலும், அக்டோபர் முதல் தேதியில் பயணிகள் ரயிலும் ஓடத் தொடங்கின. 1924-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி பாலம் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அதைத்தான் மலாய்க்காரர்கள் 'தம்பாக்' என்கிறார்கள். நம்மவர்கள் 'ஜொகூர் பாலம்' என்கிறோம்.

மாணவர்களே, ஒன்றை மனத்தில் வையுங்கள். இந்தப் பாலத்தைக் கட்டச் சொன்னது ரப்பர். அந்த ரப்பருக்குப் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் பாட்டனும் பாட்டியும். பெரட்டுக்கு நின்று, மங்கில் பால் சேர்த்து, வாளியில் சுமந்து வந்த அவர்கள் உழைப்புதான் ரயிலேறிப் பாலம் கடந்து சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று.

அந்தக் காலத்தில் அக்கரை என்பது வேறு நாடாகத் தோன்றவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களில் சிலர் பினாங்கில் இறங்கினார்கள், சிலர் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினார்கள், சிலர் சிங்கப்பூர் வரை போனார்கள். அண்ணன் ஜொகூர்த் தோட்டத்தில் பால் வெட்டினால், தம்பி சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை சுமப்பான். அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் ஒருவரை ஒருவர் தேடிப் போவார்கள். யாரும் கடப்பிதழ் கேட்டதில்லை.

1942-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி, ஜப்பானியருக்கு அஞ்சிப் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை இந்தப் பாலத்தின் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்தது. ஆனாலும் இரண்டே வாரத்தில், பிப்ரவரி 15-ஆம் தேதி, சிங்கப்பூர் விழுந்தது. மறு ஆண்டு நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து படை திரட்டியபோது, மலாயாத் தோட்டத்துப் பெண்களும் பால் வெட்டும் கத்தியை வைத்துவிட்டு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். அப்போதும் அக்கரை, இக்கரை என்ற பேச்சு இல்லை.

படிப்பிலும் பத்திரிகையிலும் அப்படித்தான். 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய 'தமிழ் நேசன்' அங்கேயும் படிக்கப்பட்டது. 1935-இல் கோ. சாரங்கபாணி அவர்கள் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' இங்கே தோட்டம் தோட்டமாக வந்தது. அதன் மாணவர் மணிமன்றத்தில் இரு கரைப் பிள்ளைகளும் எழுதினார்கள். 1952-இல் தொடங்கிய தமிழர் திருநாளை இரு கரையிலும் கொண்டாடினார்கள். மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் பிறந்த இடம் சிங்கப்பூர். அங்கே இந்திய இயல் துறை வந்தபோது, தமிழ் நூல்கள் வாங்குவதற்காகச் சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். கொடுத்தவர்களில் கூலி வேலை செய்தவர்களும் உண்டு. "இது அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம், நமக்கென்ன?" என்று அவர்கள் ஒதுங்கவில்லை. பின்னர் அந்தத் துறை கோலாலம்பூருக்கு மாறியது.

கோடு விழுந்தது

நாடுகள் பிரிந்தது ஒரே நாளில் நடந்ததல்ல. 1946-லேயே சிங்கப்பூர் தனிக் காலனியாக ஒதுக்கி வைக்கப்பட்டது. 1957-இல் மலாயா சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் சிங்கப்பூரும் தனக்கென ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டு வந்தது. 1963-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-இல் மலேசியா அமைந்தபோது இரண்டும் ஒன்றாயின. இரண்டாண்டுகூட நிறைவடையவில்லை. 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் தேதி சிங்கப்பூர் தனி நாடாயிற்று.

அன்றைக்குப் பாலம் அப்படியேதான் இருந்தது. மறுநாள் காலையிலும் ஆட்கள் வேலைக்குப் போனார்கள். கோடு மெல்ல மெல்லத்தான் ஆழமாயிற்று. 1967-இல் பாலத்தைக் கடக்கக் கடப்பிதழ் சோதனை வந்தது. அதே ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி இரண்டு நாட்டுக்கும் தனித்தனி நாணயம் வந்தது. 1972-இல் இரண்டு நாடும் சேர்ந்து நடத்திய விமான நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. இந்த நாட்டுப் பத்திரிகை அங்கேயும், அங்கத்துப் பத்திரிகை இங்கேயும் விற்பனையாவது படிப்படியாக நின்றது. ஒருவர் வீட்டுச் செய்தி மற்றவருக்குத் தெரியாமல் போனது அப்போதுதான். செய்தி நின்ற இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும் அல்லவா?

சிவப்பு ஐசி

நம் குடும்பங்களுக்கு இந்தக் கோடு வெறும் தேசப்படத்துக் கோடு அல்ல. பிறப்புப் பத்திரம் எடுக்காதவர்கள், மனுப்போடத் தெரியாதவர்கள், "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்கள் தோட்டங்களில் ஏராளம். அவர்கள் கையில் இருந்தது சிவப்பு ஐசி. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. முப்பது நாற்பது வருடம் பால் வெட்டியவர்களும் பெர்மிட்டுக்கு நிற்க வேண்டி வந்தது. பலர் மனமுடைந்து மூட்டை கட்டி, 'ரஜூலா' கப்பலில் ஊர் திரும்பினார்கள்.

அக்கரையிலும் கதை வேறல்ல. சிங்கப்பூரிலும் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமாயிற்று. 1971-இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது, செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பிப் பிழைத்த நம்மவர்கள் பலரும் வேலை இழந்தார்கள். அதே 'ரஜூலா' சிங்கப்பூரில் ஏற்றியவர்களையும் பினாங்கில் ஏற்றியவர்களையும் ஒன்றாகச் சுமந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆகவே, "அவங்க கொடுத்து வச்சவங்க, நம்மதான் கஷ்டப்பட்டோம்" என்று இங்கே சொன்னாலும் சரி, அங்கே சொன்னாலும் சரி, அது பாதிக் கதைதான்.

வெள்ளிக்கு வெள்ளி

ஒரு கணக்குச் சொல்கிறேன், மாணவர்கள் கவனியுங்கள். 1967-இல் நாணயங்கள் பிரிந்தபோதும், மலேசிய வெள்ளி ஒன்றுக்குச் சிங்கப்பூர் வெள்ளி ஒன்று என்ற ஏற்பாடு இருந்தது. கடையில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். 1973-ஆம் ஆண்டு மே மாதம் அந்த ஏற்பாடு முடிந்தது. அதன்பின் இரண்டும் தனித்தனி வழியில் நடந்தன. இப்போது அங்கத்து ஒரு வெள்ளிக்கு இங்கே மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்கிறார்கள்.

நம் எண்ணங்களில் பாதியை உண்டாக்கியது இந்தக் கணக்குதான். ஒரே வேலை செய்யும் இரண்டு பேர். ஒருவர் பாலத்துக்கு இப்பால் செய்கிறார், ஒருவர் அப்பால் செய்கிறார். மாதக் கடைசியில் ஒருவர் பையில் மூன்று மடங்கு. இதைப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர், "அங்க இருக்கிறவன் கெட்டிக்காரன்" என்று நினைக்கிறார். அல்லது, "அவனுக்குத் திமிர்" என்று நினைக்கிறார். இரண்டுமே தப்பு. அது நாணய மாற்றின் வேலை. மனிதனுடைய குணம் அல்ல.

தண்ணீர்க் கதையும் இப்படித்தான். 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். விலை ஆயிரம் கேலனுக்கு 3 காசு. சுத்தம் செய்த தண்ணீரில் ஒரு பகுதியை ஆயிரம் கேலனுக்கு 50 காசு என்று ஜொகூர் திரும்ப வாங்குகிறது. ஒப்பந்தம் 2061 வரை. "மூணு காசுக்கு வாங்கி ஐம்பது காசுக்கு நமக்கே விக்கிறான் பாரு!" என்று இங்கே பேசுவோம். "சுத்தம் பண்ண ஐம்பது காசுக்கு மேல ஆகுது, நஷ்டத்துக்குத்தான் கொடுக்கிறோம்" என்று அங்கே பேசுவார்கள். ஒரே குழாய், ஒரே காகிதம், இரண்டு வழக்கு. நம் பிள்ளை ஒரு பக்கத்து வழக்கை மட்டும் கேட்டு வளர்ந்தால், தீர்ப்பு எப்படி இருக்கும்?

சனி, ஞாயிறும் திங்கள், வெள்ளியும்

இப்போது ஒரு முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அவர்கள் நம்மைப் பார்ப்பது எப்போது? பெரும்பாலும் சனி, ஞாயிறில். பசாருக்கு வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், சாமான் வாங்குகிறார்கள், பெட்ரோல் போடுகிறார்கள், பாலத்து நெரிசலில் மணிக்கணக்காக நிற்கிறார்கள். அவர்கள் கண்ணில் படும் மலேசியா அவ்வளவுதான். மலிவும், சாப்பாடும், நெரிசலும், எங்கோ ஒரு பைப்பறிப்புக் கதையும். இந்தத் தோட்டத்துப் பள்ளியில் இன்றைக்குப் பரிசு வாங்கும் பிள்ளைகளை அவர்கள் எங்கே கண்டார்கள்?

நாம் அவர்களைப் பார்ப்பது எப்போது? திங்கள் முதல் வெள்ளி வரை, வேலை நேரத்தில். சூப்பர்வைசரைப் பார்க்கிறோம், கடிகாரத்தைப் பார்க்கிறோம், அபராதப் பலகையைப் பார்க்கிறோம். சாயங்காலம் அந்தச் சூப்பர்வைசர் அடுக்குமாடி வீட்டுக்குப் போய் வயதான தாயாருக்கு மருந்து கொடுப்பதையும், வீட்டுக் கடனையும் பிள்ளையின் பரீட்சையையும் நினைத்துக் கவலைப்படுவதையும் நாம் எங்கே கண்டோம்?

அவர்கள் நம் ஓய்வு நாளைப் பார்த்துவிட்டு, "மெதுவான ஆளுங்க" என்கிறார்கள். நாம் அவர்கள் வேலை நாளைப் பார்த்துவிட்டு, "ஈவு இரக்கம் இல்லாத ஆளுங்க" என்கிறோம்.

சட்டங்களும் இந்தப் பார்வைக்கு நீர் வார்க்கின்றன. மலிவுப் பெட்ரோலுக்காகப் பாலம் கடப்பதைத் தடுக்க, சிங்கப்பூர் வண்டிகள் வெளியேறும்போது தொட்டியில் முக்கால் பங்கு எண்ணெய் இருக்க வேண்டும் என்று 1991-இல் அங்கே விதி வந்தது. அரசாங்கம் மானியம் தரும் 95 ரகப் பெட்ரோலை வெளிநாட்டு வண்டிகளுக்கு விற்கக் கூடாது என்று 2010-இல் இங்கே விதி வந்தது. அவரவர் நாட்டுக்கு அவரவர் நியாயம். ஆனால் எண்ணெய்க் கடையில் யாராவது ஒருவர் விதியை மீறும் படம் கைப்பேசியில் வந்தால் போதும், ஒரு நாட்டையே திட்டித் தீர்த்துவிடுகிறோம்.

சாப்பாட்டையும் விடுவதில்லை. தன் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்போவதாகச் சிங்கப்பூர் 2018-இல் அறிவித்தபோது இங்கே பலருக்குக் கோபம் வந்தது. 2020-இல் அது பட்டியலில் ஏறியும் விட்டது. ரொட்டி சானாய் என்று இங்கேயும் ரொட்டி பிராட்டா என்று அங்கேயும் பெயர். மாவு ஒன்றுதான், குழம்பும் ஒன்றுதான்.

தமிழ் யாரிடம் நன்றாக இருக்கிறது?

நமக்குள் ஓயாத வாதம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. நாணயத் தாளில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கிறது, அறிவிப்புப் பலகைகளிலும் தமிழைக் காணலாம். இதைப் பார்த்துவிட்டு வரும் நம்மவர், "அங்கதான் தமிழுக்கு மரியாதை" என்று பெருமூச்சு விடுகிறார்.

அங்கிருந்து வருபவர் என்ன சொல்கிறார் தெரியுமா? சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. தமிழ் அங்கே ஒரு பாடம், மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில். ஆகவே அவர் இங்கே ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருப்பதைக் கண்டு, "கணக்கையும் தமிழ்லயே படிக்கிறாங்களா!" என்று வியக்கிறார். தைப்பூசம் சிங்கப்பூரின் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து 1968-இல் நீக்கப்பட்டது. இங்கே ஜொகூர் உள்பட சில மாநிலங்களில் விடுமுறை உண்டு. அதையும் அவர் ஏக்கத்தோடு சொல்வார்.

பேச்சிலும் கேலி உண்டு. அவர்கள் தமிழில் ஆங்கிலம் கலக்கிறது, நம் தமிழில் மலாய் கலக்கிறது. ஆனால் இரு நாட்டுத் தேசிய கீதமும் மலாய் மொழியில்தான் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? இங்கே 'நெகாராகூ' பாடும் தமிழ்ப் பிள்ளையும், அங்கே 'மாஜுலா சிங்கப்பூரா' பாடும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே மொழியில் தத்தம் நாட்டை வணங்குகிறார்கள்.

பாலம் மூடிய நாட்கள்

இவ்வளவு பேசிய நமக்கு 2020-இல் ஒரு பாடம் கிடைத்தது. தொற்று நோய்க்காக மார்ச் 18-ஆம் தேதி முதல் பாலம் மூடப்படும் என்று ஓரிரு நாளுக்கு முன்புதான் அறிவிப்பு வந்தது. அதற்கு முன் நாள்தோறும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் எல்லையைக் கடந்து வந்தார்கள். வேலை போய்விடும் என்று ஆயிரக்கணக்கானோர் ஒரு பையில் இரண்டு மாற்றுத் துணியோடு அக்கரைக்கு ஓடினார்கள். இரண்டு வாரத்தில் திரும்பலாம் என்றுதான் எண்ணினார்கள். மாதங்கள் ஆயின. 2021 நவம்பர் 29-ஆம் தேதி தரைவழி சிறிது திறந்தது. 2022 ஏப்ரல் முதல் தேதிதான் முழுமையாகத் திறந்தது. இடையில் குழந்தை பிறந்தது, பெற்றவர்கள் இறந்தார்கள். தகனத்தைக் கைப்பேசியில் பார்த்து அழுதவர்கள் இரு கரையிலும் உண்டு.

அந்த நாட்களில் அங்கே முதலாளிகளும் சக தொழிலாளிகளும் தங்க இடம் கொடுத்ததும் நடந்தது, வேலையை விட்டு அனுப்பியதும் நடந்தது. இங்கே தனித்திருந்த குடும்பத்துக்கு அரிசி வாங்கிக் கொடுத்த அண்டை வீட்டாரும் உண்டு, எட்டிப் பார்க்காதவரும் உண்டு. நல்லவரும் அல்லாதவரும் எந்தக் கரைக்கும் சொந்தமில்லை.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

பெற்றோர்களே! இந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பலர் நாளைக்குப் பாலம் கடக்கத்தான் போகிறார்கள். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, பிறகு வீடமைப்புக்கு மாறிய காலம் இது. பிழைப்பு இருக்கும் இடத்துக்குப் போவதில் குற்றமில்லை. ஆனால் "அங்க போனாத்தான் மனுஷன்" என்று சொல்லி வளர்த்தால், இங்கே தங்கும் பிள்ளை தன்னைத் தாழ்வாக நினைக்கும். "அவனுங்க எல்லாம் திமிர் பிடிச்சவனுங்க" என்று சொல்லி வளர்த்தால், அங்கே போகும் பிள்ளை யாரையும் நம்பாமல் தனியாக நிற்கும். இரண்டு பேச்சையும் சோற்று நேரத்தில் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிவப்பு ஐசிக் காலம் நமக்குக் கற்பித்த பாடத்தை மறக்காதீர்கள். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், ஐசி இவற்றை ஒழுங்காக எடுத்துப் பத்திரமாக வையுங்கள். எல்லைக் கோட்டுக்கு முன்னால் நின்றால் பேசுவது காகிதம்தான். இன்றும் பிறப்புப் பத்திரக் குறையால் அலையும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள்.

மாணவர்களே! உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். தாத்தாவோ பாட்டியோ இருந்தால் இந்த விடுமுறையில் அருகில் உட்காருங்கள். "கடப்பிதழ் இல்லாமப் பாலத்தைத் தாண்டினீங்களா? நம்ம சொந்தக்காரங்க யாரு அக்கரையில இருந்தாங்க? எப்போ கடுதாசி நின்னு போச்சு?" என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டில் ஒரு சிற்றப்பா பெயரோ, ஓர் அத்தை பெயரோ கிடைக்கும். பிறகு, "சிங்கப்பூர்க்காரங்க எப்படி?" என்று யாராவது உங்களைக் கேட்டால், பொதுவாக ஒரு பதில் சொல்லாதீர்கள். "யாரைக் கேக்கிறீங்க? எங்க அத்தையையா?" என்று திருப்பிக் கேளுங்கள்.